ஆமாம், ரேட் போட்டிருக்கிறேன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வரிசையிலிருந்து ஒரு தங்கை, சித்தி மகள்தான், சத்தமாகக் கேட்டாள்: "ஏக்கா, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்க ரேட் போட்டிருக்கியாமே? கடுதாசி எழுதிச் சம்பாதிக்கிறியாமே?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே, "சாம்பார் வருது, இலையைப் பாரு" என்று பேச்சை மாற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தியது. 31 வருஷ வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளையைப் பதில் சொல்லாமல் உட்கார வைத்ததில்லை. இவளுக்கு மட்டும் ஏன் மழுப்பினேன்? அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கடிதத்தின் கதை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். நான் அதற்கு முந்தின வருஷமே ஓய்வு பெற்றுவிட்டேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் இப்போது பெற்றோர். "மிஸ், இவனுக்குத் தமிழ் வாசிக்கவே வரலை, வீட்டுல என்ன செய்யறது?" என்று ஆளுக்கொருவராகப் போன் செய்தார்கள். ஒரே பதிலை எத்தனை பேருக்குச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கடிதம் எழுதி 40 பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு எழுத்துக் கூட்டம், ஒரு விளையாட்டு, பிள்ளை தானே வாசிக்க எட்டு வரிக் கதை. அவ்வளவுதான்.

பெங்களூர், மும்பை, துபாய், சிங்கப்பூர் என்று கடிதம் கைமாறிப் போனது. வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வரும் குடும்பங்கள்தான் அதிகம் கேட்டார்கள். 2006-இல் வந்த தமிழ் கற்கும் சட்டத்துக்குப் பிறகு இங்கே பள்ளிகளில் தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமானது. வெளியூரில் ஐந்தாம் வகுப்பு வரை இந்தி படித்துவிட்டு வரும் பிள்ளை, இங்கே ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் என்ன செய்யும்? அந்த அம்மாக்களின் பதற்றம் எனக்குப் புரிந்தது.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அதிலும் நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். கோவையில் கணினி வேலை பார்க்கும் ஒரு பழைய மாணவி, "மிஸ், இதை ஈமெயிலுக்கு மாத்துவோம்" என்று உட்கார்ந்து செய்து கொடுத்தாள். குட்மார்னிங் படங்களுக்கு நடுவே கடிதம் தொலைந்து போகாது. பட்டியலும் நம் கையில் இருக்கும். அவள் சொன்னது சரிதான்.

கடிதம் வளர்ந்தது. கூடவே "ஒரு சின்ன உதவி" என்பதும் வளர்ந்தது. "டீச்சர், இவ வாசிக்கிறதை அனுப்பறேன், கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க." "பெரியம்மா, நாளைக்குப் பரீட்சை, கட்டுரை மட்டும் எழுதிக் குடுங்க." ஒரு நாள் காலையில் போனை எடுத்தால் 11 குரல் பதிவுகள். எல்லாவற்றையும் கேட்டுப் பதில் சொல்ல மதியம் ஆகிவிட்டது. உலையில் அரிசி போட மறந்து, வெறும் தண்ணீர் கொதித்து வற்றிப்போனது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இப்படி இலவசமாகச் செய்த உதவியால் ஒரு பிள்ளைகூட முழுதாக வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. இன்றைக்கு ஐந்து நிமிடம், பத்து நாள் கழித்து மூன்று நிமிடம் என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கு வரும்? நான் மறுப்பதும் இல்லை, முடிப்பதும் இல்லை. நல்ல பெயர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். "டீச்சருக்குத்தான் பென்ஷன் வருமே" என்று பலர் நினைக்கிறீர்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியை அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு தனியார் பள்ளியில் சேர்ந்தவள். வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் கழித்துத்தான் என்னை பி.எப்.-இல் சேர்த்தார்கள். அந்தத் திட்டத்தில், பி.எப்.-க்குக் கணக்கு எடுத்த சம்பளத்தின் சராசரியைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். அந்தக் கணக்கில் எனக்கு மாதம் வருவது 2,900 ரூபாய். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கினால் பாதி போய்விடும். குறையாக இதைச் சொல்லவில்லை. கணக்குத் தெரியாமல் யாரும் பேச வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் கடிதத்துக்குச் சந்தா கேட்டுப் பார்த்தேன். அப்போது 412 பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். "விருப்பமுள்ளவர்கள் மாதம் 100 ரூபாய் அனுப்பலாம்" என்று எழுதினேன். சப்ஸ்டாக் போன்ற தளங்களில் சந்தா வாங்கினால் 10 சதவீதம் அவர்களுக்குப் போகும், கார்டுக் கட்டணம் தனி. அதனால் நேராக யூபிஐ எண்ணையே போட்டேன். முதல் மாதம் 9 பேர் அனுப்பினார்கள். நான்காம் மாதம் 4 பேர்.

கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தேன். 412 பேரில் நூற்றுக்கு ஐந்து பேர் பணம் கொடுத்தாலே 20 பேர், 2,000 ரூபாய். ஆயிரக்கணக்கில் வாசிப்பவர்கள் இருந்தால்தான் சந்தா சோறு போடும். சின்னப் பட்டியலுக்கு அது ஒத்துவராது. கடிதம் எல்லோருக்கும் பொதுவானது. ஒரு அம்மாவுக்கு வேண்டியது தன் பிள்ளையின் சிக்கலுக்குத் தீர்வு. அவள் காசு கொடுப்பதாக இருந்தால் அதற்குத்தான் கொடுப்பாள்.

வழி காட்டியது தையல் கடை வைத்திருக்கும் என் மாணவி ஒருத்தி. நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லத் திணறியவள். ஜாக்கெட் கொடுக்கப் போனவள் அவளிடம் புலம்பினேன். அவள் சுவரைக் காட்டினாள். "மிஸ், அந்த போர்டைப் பாருங்க. சாதா ஜாக்கெட்டுக்கு ஒரு கூலி. லைனிங் வச்சா ஒரு கூலி. சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கத் தனி. போர்டு இல்லாதப்ப தினமும் சண்டை. ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டு, அப்படியே இந்தச் சேலைக்கும் ஓரம் அடிச்சிரு, இந்தப் பாவாடையைக் கொஞ்சம் பிடிச்சிருன்னு சொல்லுவாங்க. இப்ப யாரும் பேரம் பேசறதில்ல. எனக்கும் ராத்திரி தூக்கம் வருது."

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் கோடு போட்டேன். என்ன செய்வேன், என்ன செய்யமாட்டேன், எத்தனை நாள், எவ்வளவு பணம். எழுத எழுத ஒன்று புரிந்தது. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பித்ததே இதைத்தான். பாடக் குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் போகக்கூடாது. இந்தப் பாடவேளை முடியும்போது மாணவர் எதைச் செய்யத் தெரிந்திருப்பார் என்று ஒரு வரி நோக்கம் எழுத வேண்டும். கடைசியில் மதிப்பீடு. 31 வருஷம் தினமும் செய்ததைத்தான் ஓய்வு பெற்றதும் மறந்துவிட்டு, குரல் பதிவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் போர்டில் மூன்றே வரி.

ஒன்று, வாசிப்புச் சோதனை. வீடியோவில் 30 நிமிடம். எந்த எழுத்து தெரியும், எங்கே தடுமாறுகிறது, அடுத்த ஒரு மாதம் வீட்டில் என்ன செய்யலாம் என்று இரண்டு நாளில் ஒரு பக்கம் எழுதித் தருவேன். 300 ரூபாய்.

இரண்டு, இருபது நாள் வாசிப்பு. ஒரே பிள்ளை, திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் 25 நிமிடம், நான்கு வாரம். முடிவில் இதுவரை பார்க்காத ஒரு சின்னக் கதையைப் பிள்ளை தானே வாசிக்க வேண்டும். பயிற்சித் தாள்களும் கடைசிச் சோதனையும் சேர்த்து 2,500 ரூபாய். பள்ளி வீட்டுப்பாடம், பரீட்சைப் பகுதி, இலக்கணம், கட்டுரை இதில் சேராது. பிள்ளை வராமல் போனால் இரண்டு நாள் வரை ஈடு செய்வேன், அதற்கு மேல் இல்லை.

மூன்று, பெற்றோர் வகுப்பு. நான்கு சனிக்கிழமை, எட்டுப் பேருக்கு மேல் இல்லை. வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று. ஆளுக்கு 600 ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

கடிதம் முன்போலவே இலவசம். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் அடியில் நாலு வரி அறிவிப்பு. மற்ற ஞாயிறுகளில் விற்பனைப் பேச்சே கிடையாது. எட்டு வரிக் கதைக்காகத் திறக்கிறவர்களிடம் வாரம் தவறாமல் விளம்பரத்தை நீட்டினால் திறப்பதையே நிறுத்திவிடுவார்கள். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்கு மேல் கடிதம் வாசித்தவர்கள். நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன் என்று ஏற்கெனவே பார்த்தவர்கள். யாரிடமும் என்னைப் பற்றிப் பேசி நம்ப வைக்க வேண்டியிருக்கவில்லை.

அளவு குறித்துவிட்டதால் வேலையும் தேறியது. தமிழில் 247 எழுத்து என்று மிரட்டாமல் ட, ப, ம, ய என்று எழுத எளிதானவற்றில் தொடங்குவேன். நாலு எழுத்திலேயே படம், மடம், பயம் என்று சொற்கள் வந்துவிடும். பிள்ளைக்கு முதல் நாளே வாசித்த மகிழ்ச்சி. பிறகு கால், கொம்பு, சுழி. "கெ" என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னால்தான் வருகிறது. இந்தி படித்து வந்த பிள்ளைகள் இங்கே தயங்குவார்கள். "கல்", "பங்கு", "பகல்" மூன்றிலும் ஒரே க, ஆனால் ஒலி மூன்று விதம். இந்தியில் க-வுக்கும் அதன் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு, இங்கே இடத்தைப் பார்த்து ஒலிக்க வேண்டும் என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். இருபது நாள் என்று கணக்கு இருப்பதால் எதை எந்த நாளில் முடிக்க வேண்டும் என்று எனக்கும் தெரிகிறது. பெற்றோரும் பிள்ளையைச் சரியான நேரத்தில் உட்கார வைக்கிறார்கள்.

வருமானத்தையும் சொல்லிவிடுகிறேன், யூகிக்க வேண்டாம். மாதம் ஐந்து சோதனை, மூன்று பிள்ளைகளுக்கு இருபது நாள் வாசிப்பு. 1,500-உம் 7,500-உம் சேர்த்து 9,000. பெற்றோர் வகுப்பில் ஆறு பேர் சேர்ந்தால் 3,600, மாதக் கணக்கில் 1,800. ஆக 10,800 ரூபாய். ஒரு பிள்ளைக்கு வகுப்பும் தயாரிப்பும் சேர்த்துப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகிறது, அப்படியானால் மணிக்கு 200 ரூபாய். யாருடைய பையிலும் கைவிடவில்லை. தம்பி மகன் கணக்கு எழுதுகிறவன். "அத்தை, வருமான வரிக் கணக்குல காட்டிரணும். ஜிஎஸ்டி பதிவெல்லாம் வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினாத்தான்" என்றான். அதற்கு என் பதினைந்து வருஷ வருமானம் ஒரே வருஷத்தில் வரவேண்டும் என்று சொல்லிச் சிரித்தோம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

போன வருஷம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். குடும்பம் வடக்கேயிருந்து சென்னைக்கு மாறி வந்தது. இருபது நாள் முடிந்தது. தனித்தனி எழுத்தாகக் கேட்டால் பாதி சொல்வான், கூட்டி வாசிக்க வரவில்லை. "இன்னொரு இருபது நாள் போனால் வந்துவிடும்" என்றேன். அவன் அம்மா மறுபேச்சில்லாமல் 2,500 அனுப்பினார்.

இரண்டாம் சுற்றில் பன்னிரண்டாம் நாள். முந்தின நாள் கதையை அழகாக வாசித்தான். எனக்குச் சந்தேகம் வந்து, நடுவில் இரண்டு வரியை இடம் மாற்றி எழுதிக் காட்டினேன். அவன் பழைய வரிசையிலேயே சொன்னான். அவன் வாசிக்கவே இல்லை. நான் ஒருமுறை சொன்னதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்திருந்தான். அவ்வளவு கெட்டிக்காரன். முதல் வரியில் பார்த்த எழுத்தை மூன்றாம் வரியில் தெரியவில்லை என்றான். ஆங்கிலமும் இப்படித்தானா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஆமா டீச்சர், எல்லாமே அப்படித்தான்" என்றார்.

எல்லா மொழியிலும் இப்படி என்றால் பயிற்சிக் குறைவு மட்டும் காரணமாக இருக்காது. கற்றல் குறைபாடாக இருக்கலாம். டிஸ்லெக்சியா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை முடிவு செய்ய எனக்குத் தகுதியில்லை. ஆனால் சந்தேகப்படும் அளவுக்கு 31 வருஷ அனுபவம் இருந்தது. முதல் சுற்றிலேயே எனக்குள் ஒரு மணி அடித்தது. நான் ஏன் அதைக் கேட்கவில்லை? உண்மையைச் சொல்கிறேன். அந்த இரண்டாவது 2,500 ரூபாயை சிலிண்டருக்கும் மாத்திரைக்கும் மனதுக்குள் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டேன். பொட்டலம் கட்டி வைத்த பொருள் கையில் இருந்தால், எதிரில் நிற்கிறவருக்கு அதுதான் தேவை என்று நினைக்கத் தோன்றும். அந்தத் தப்பை நான் செய்தேன்.

அன்றைக்கே வகுப்பை நிறுத்தினேன். குழந்தை வளர்ச்சி மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்கச் சொன்னேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது, சான்றிதழ் கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு, இது பையனின் சோம்பேறித்தனம் இல்லை, அவனை அடிக்க வேண்டாம் என்றேன். இரண்டாவது சுற்றுப் பணத்தை முழுதாகத் திருப்பி அனுப்பினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் கேட்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஒரு மாதம் என்னால் வீணாயிற்று. பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், அதைக் கொடுக்க முடியாது.

அதற்குப் பிறகு போர்டில் மூன்று விதிகளைச் சேர்த்தேன். சோதனை செய்யாமல் யாரையும் இருபது நாள் வாசிப்பில் சேர்ப்பதில்லை. எட்டாம் நாள் வரை முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு மீதிப் பணத்தைக் கொடுத்துவிடுவேன். ஒரே பிள்ளைக்கு அதையே அடுத்தடுத்து இரண்டு முறை விற்பதில்லை. சோதனைக்கு வருகிறவர்களில் சிலரிடம், "உங்களுக்கு நான் தேவையில்லை, தினமும் பதினைந்து நிமிடம் கூட உட்காருங்கள், போதும்" என்று சொல்லி அனுப்புகிறேன். வருமானம் குறையும்தான். ஆனால் யாருக்கு விற்கக்கூடாது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு விலை சொல்லும் தைரியமே வந்தது.

உங்களில் சிலர் கேட்கிறீர்கள், "மிஸ், நாங்களும் இப்படிச் செய்யலாமா?" என்று. சமையல் தெரிந்தவர், கணக்கு எழுதத் தெரிந்தவர், தோட்டம் போடத் தெரிந்தவர் எல்லோரும் செய்யலாம். முதலில் ஒரு வருஷம் தவறாமல் எழுதுங்கள். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதோ, அதுதான் நீங்கள் விற்க வேண்டியது. அதற்கு ஒரு பெயர், ஒரு முடிவு நாள், ஒரு விலை வையுங்கள். எது சேராது என்பதை எது சேரும் என்பதைவிடத் தெளிவாக எழுதுங்கள். உங்கள் போர்டு ஒரு தாளில் அடங்க வேண்டும்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கும் அதே ரேட்தான். உங்களிடம் இலவசமாகச் செய்தால் பழையபடி பத்து நாளுக்கு மூன்று நிமிடம் என்றாகிவிடும், உங்கள் பிள்ளைதான் நஷ்டப்படும். மாதம் ஒரு பிள்ளைக்கு மட்டும் இருபது நாள் வாசிப்பு இலவசம். முடியாதவர்கள் தனியாக ஒரு வரி எழுதினால் போதும், காரணம் கேட்கமாட்டேன். அந்தப் பிள்ளைக்கும் அதே 25 நிமிடம், அதே தாள், அதே சோதனை.

காதுகுத்தில் கேட்ட என் தங்கைக்கு: ஆமாம்டி, ரேட் போட்டிருக்கிறேன். அடுத்த விசேஷத்தில் இன்னும் சத்தமாகக் கேள், சாம்பாரைக் காட்டித் தப்பிக்காமல் பதில் சொல்கிறேன்.

வரும் ஞாயிறு கடிதத்தில் ண, ந, ன. பிள்ளைகளுக்கு ஒரு பென்சில் சீவி வையுங்கள்.